விக்டோரியா மலைகளில் இரைச்சலில்லாத சாலைகள்: ஈசூன் சைக்கிளோட்டிக்கு ஒரு பதில்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒருவர் வாரம் இரண்டு நாள் விடியுமுன் கிளம்பி மண்டாய், கிராஞ்சி, லிம் சூ காங் என்று எழுபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறார். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் மனைவி, பிள்ளைகளுடன் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஆல்பைன் தேசியப் பூங்காவுக்குப் போகிறார். கார், லாரி நெருக்கடி இல்லாத தார்ச்சாலைகள் அங்கே எவை, மலையே ஏறியிராதவனால் ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். ‘மலை என்றால் ஐரோப்பாதான், ஸ்டெல்வியோவுக்குப் போ’ என்று நண்பர்கள் வேறு குழப்பியிருக்கிறார்களாம்.

தம்பி, நான் துவாஸில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து சைக்கிள் ஓட்டுகிறவன். அந்த மலைகளுக்கு ஐந்து முறை போய்வந்திருக்கிறேன். அவற்றில் இரண்டு முறை போனது தப்பான வாரத்தில். அதனால் எங்கே போகலாம் என்பதோடு எப்போது போகக்கூடாது என்பதையும் கொஞ்சம் அழுத்திச் சொல்லப்போகிறேன்.

ஓட்ட முடியுமா என்பதை முதலில் முடித்துவிடுவோம். முடியும். நம் ஊரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். ஃபேபர் மலையைப் பதினைந்து முறை ஏறி இறங்கினாலும் அங்கே ஹாரியட்வில் என்ற ஊரிலிருந்து ஹோத்தம் மலை வரையிலான ஒரே ஏற்றத்துக்கு ஈடாகாது. ஆனாலும் சமவெளிக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கிராஞ்சியில் நீங்கள் மிதிப்பதை நிறுத்தவே முடியாது; நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். இரண்டு மணி நேரம் விடாமல், ஒரே சீராக மிதிக்கிற அந்தக் கால்தான் நீண்ட ஏற்றத்துக்கும் வேண்டும். கால் ஏமாற்றாது. ஏமாற்றுவது கியர். இங்கே வாங்குகிற வண்டிகளில் பின்பக்கம் பெரிய பல்சக்கரமே 28 பல்லாக இருப்பது சகஜம். முன்னால் 34, பின்னால் 32 அல்லது 34 என்று மாற்றிக்கொண்டு போங்கள். கடைக்காரர் ‘எதற்கு, உங்களுக்கு இது போதும்’ என்பார். அவர் உங்களோடு மலையேற வரப்போவதில்லை.

இனி அமைதிக்கு வருவோம். அமைதியான சாலை எது என்று வரைபடத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சாலையில், இந்த நேரத்தில், வேறு யாருக்கு என்ன வேலை? நீங்கள் ஏற்கெனவே இதைத்தான் செய்கிறீர்கள். காலை ஐந்து மணிக்கு லிம் சூ காங் சாலை உங்களுடையது. ஏழரைக்கு லாரிகளுடையது. சீனர்கள் முன்னோர்களுக்குப் படையலிடும் சிங் மிங் காலத்து வார இறுதியில் கல்லறைத் தோட்டங்களுக்குப் போகும் கார்கள் அந்த வட்டாரத்தையே அடைத்துக்கொள்ளும். சாலை மாறவில்லை, அதில் வேலை இருப்பவர்கள்தாம் மாறுகிறார்கள். மலையிலும் அப்படித்தான். ஐரோப்பிய ஆல்ப்ஸின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அது இரண்டு பக்கமும் திறந்திருக்கும் புகழ்பெற்ற கணவாய். ஆகஸ்டு மாதத்தில் பாதி ஐரோப்பாவின் மோட்டார் சைக்கிள்களுக்கும் அங்கேதான் வேலை. அதே ஸ்டெல்வியோ தேசியப் பூங்காவுக்குள் மார்ட்டெல் பள்ளத்தாக்குச் சாலையும் இருக்கிறது. அது மேலே போய் முடிந்துவிடுவதால் குறுக்கே கடந்துபோகிற எவருக்கும் அங்கே வேலை இல்லை. உங்கள் நண்பர்கள் ஸ்டெல்வியோ என்றால் கணவாயை நினைக்கிறார்கள். நான் போனால் மார்ட்டெல்லுக்குத்தான் போவேன். எப்படியும் ஏழரை மணி நேர விமானப் பயணத்தில் மெல்பர்ன் இருக்கும்போது, நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுகிற நாடு இருக்கும்போது, முதல் மலைக்கு அதுவே நல்லது.

ஆல்பைன் தேசியப் பூங்கா 1989-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 6,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒன்பது சிங்கப்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய இடத்தில் தார்ச்சாலைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். தங்குவதற்குப் பிரைட் என்ற சிறு நகரம் தோது. மெல்பர்னிலிருந்து வடகிழக்கே முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஓவன்ஸ் ஆற்றங்கரை, நல்ல ரொட்டிக் கடை, சைக்கிள் பழுதுபார்க்கும் கடை எல்லாம் அங்கே உண்டு. பிள்ளைகளுக்கு ஆறு போதும்.

நான் முதலில் அனுப்புவது பஃபலோ மலைக்கு. சட்டப்படி இது தனித் தேசியப் பூங்கா, 1898-லேயே உருவானது. ஆல்பைன் பூங்காவின் பக்கத்து வீடு. பிரைட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில் போரெபங்கா, அங்கிருந்து திரும்பினால் சிறிது தூரத்தில் பூங்கா நுழைவாயில். அதன்பின் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 5 விழுக்காடு, அதாவது நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயர்வு. இந்த ஐந்து விழுக்காடு என்பதுதான் முக்கியம். ஒரே கியரில், ஒரே மூச்சில், பேசிக்கொண்டே ஏறலாம். கீழே ஈரமான காடு, ஓடைச் சத்தம், பெரிய பெரணிகள். பாதி மலையில் மரங்கள் மாறத் தொடங்கும். மேலே போகப்போகக் கருங்கல் பாறைகள் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் சாலையோரம் கிடக்கும். மேல்தளத்தில் 1910-இல் கட்டிய பழைய மரக் கட்டட விடுதி நிற்கிறது. 2007 முதல் அது விடுதியாக இயங்கவில்லை. இந்தச் சாலை அமைதியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிக் காரணம், சாலை எங்கேயும் போய்ச் சேராமல் மலையிலேயே முடிகிறது. விடுதிக்கு முன்னால் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் மேடை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து செங்குத்தாகப் பாறை இறங்கும். பிள்ளைகளைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கால் இன்னும் மிச்சமிருந்தால் கட்டானி ஏரியைத் தாண்டி ஹார்ன் என்ற 1,723 மீட்டர் உச்சியின் திசையில் போகலாம். நான் இரண்டு முறை ஏரியிலேயே நின்று சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வருத்தமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நுழைவாயிலைத் தாண்டினேன். மேல்தளம் வரும்வரை என்னைக் கடந்தவை நான்கு கார்கள். மண்டாய் சாலையில் நான்கு நொடியில் கடந்துவிடும் எண்ணிக்கை அது.

அடுத்தது மவுண்ட் பியூட்டியிலிருந்து ஃபால்ஸ் கிரீக். இது 30 கிலோமீட்டர். இந்த ஏற்றத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தெரிந்துகொண்டால் சாலை ஏன் காலியாகக் கிடக்கிறது என்பதும் புரியும். கீவா நீர்மின் திட்டத்துக்காக 1938 முதல் இந்தப் பள்ளத்தாக்கில் வேலை நடந்தது. போகோங் என்ற குட்டிக் கிராமம் திட்டப் பணியாளர்களுக்காகவே கட்டப்பட்டது. மலைச்சரிவில் தோட்டவீடுகள், கீழே சிறிய நீர்த்தேக்கம். பள்ளத்தாக்கிலிருந்து இந்தக் கிராமம் வரை சாலை ஏறி இறங்கி ஏறி உங்களைக் கொஞ்சம் சோதிக்கும். போகோங்கைத் தாண்டியபிறகு விளையாட்டு காட்டாமல் 5, 6 விழுக்காட்டில் ஒரே சீராக உயரும். மின் திட்டத்துக்காக வந்த சாலை பிறகு பனிச்சறுக்கு ஊருக்கான சாலையாயிற்று. ஜூலை மாதத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் போகக்கூடிய அகலம் அதற்கு இருக்கிறது. டிசம்பரில் பனி இல்லை. பனி இல்லாத பனிச்சறுக்கு ஊருக்கு யாருக்கு என்ன வேலை? அகலமான, நல்ல தார்ப் பரப்புள்ள மலைச்சாலை முழுவதும் நமக்கு. சறுக்கு விளையாட்டுக்காரர்கள் கட்டிய வரியில் நாம் சைக்கிள் ஓட்டுகிறோம் என்று என் நண்பர் ஒருவர் சொல்வார்.

ஆனால் அதே காரணத்தால் மேலே பல கடைகள் கோடையில் பூட்டியிருக்கும். ‘போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்’ என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. மூலைக்கு ஒரு கோப்பிக் கடை என்ற நினைப்பை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். இரண்டு போத்தல் தண்ணீர், வாழைப்பழம், நிலக்கடலை உருண்டை. நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவேன். ஆறாவது மணி நேரத்தில் விலை உயர்ந்த சக்திக் கூழை விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

ஃபால்ஸ் கிரீக் ஊரைத் தாண்டி நிற்காமல் மேலே போங்கள். பெரும்பாலோர் ஊரோடு திரும்பிவிடுகிறார்கள். உண்மையான பரிசு அதற்கப்பால்தான். ராக்கி வேலி அணையின் மேல் சாலை கடந்ததும் போகோங் உயர்சமவெளி விரிகிறது. மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலேயே போய், புல்லும் பாறையும் காட்டுப்பூவும் மட்டும். டிசம்பர், ஜனவரியில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும். சாலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் வாலஸ் குடில்: 1889-இல் மாடு மேய்த்த சகோதரர்கள் கட்டியது, சுற்றிலும் முறுக்கிய பனி யூகலிப்டஸ் மரங்கள். மழையில் நனைந்தால் அந்த மரப்பட்டை செம்பும் பச்சையும் சாம்பலும் கலந்து பட்டுப்புடவைக் கரைபோல் மின்னும். மேய்ச்சல் உரிமம் 2005-இல் முடிவுக்கு வந்தது. குடில்கள் மட்டும் நிற்கின்றன.

வழியில் வெள்ளி நிறத்தில் செத்து நிற்கும் மரக் காடுகளையும் பார்ப்பீர்கள். அது நோய் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பகுதி தீ. 2003-இல் இந்த மலைகளில் பத்து இலட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அதன் ஈரம் காயுமுன்பே 2006, 2007 கோடையில் மறுபடியும் தீ. பனி யூகலிப்டஸ் அடிவேரிலிருந்து துளிர்க்கும். அதற்குக் கீழே வளரும் ஆல்பைன் ஆஷ் மரத்துக்கு அந்த வரம் கிடையாது. கடும் தீயில் அது செத்துவிடும், விதையிலிருந்துதான் மீண்டும் வர வேண்டும், விதை தருமளவுக்கு வளர ஏறக்குறைய இருபது ஆண்டு வேண்டும். அதற்குள் அடுத்த தீ வந்தால் காடு காடாக இராது. சைக்கிளில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்குத்தான் இந்த வித்தியாசமெல்லாம் கண்ணில் படும்.

இந்த உயர்சமவெளிச் சாலை குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும். ஜூன் தொடக்கத்தில் மூடி, அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் வாக்கில் திறப்பார்கள். பாதி ஆண்டு மூடிக் கிடப்பதால் வாகன ஓட்டிகள் அதை வழக்கமான வழியாக நினைப்பதே இல்லை. திறந்த பிறகும் காலியாகவே இருக்கும். முன்னும் பின்னும் பார்த்தால் நீங்கள் மட்டுமே. முதல்முறை அங்கே நின்றபோது என் சைக்கிள் சங்கிலியின் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது.

சமவெளியின் மறுபக்கம் இறங்கினால் ஓமியோ நெடுஞ்சாலை. ஒரு எச்சரிக்கை: அந்தப் பக்கச் சரிவுதான் ‘ஃபால்ஸின் முதுகு’ என்று சைக்கிளோட்டிகள் பயத்தோடு சொல்வது. கீழிருந்து ஏறினால் முதல் பத்து கிலோமீட்டர் சராசரியே ஒன்பது விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஆர்வத்தில் இறங்கிவிட்டால் அதே வழியில் ஏறித்தான் திரும்ப வேண்டும். ஆகவே முதல் பயணத்தில் சமவெளியோடு திரும்பிவிடுங்கள். ஆண்டுதோறும் மார்ச்சில் ஃபால்ஸ் கிரீக்கில் நடக்கும் நீண்டதூரச் சவாலில் டவோங்கா கேப், ஹோத்தம், இந்த முதுகு மூன்றையும் ஒரே நாளில் ஏறுகிறார்கள்: 235 கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரக் கெடு. அதே சுற்றை நான் மூன்று நாளில், ஓமியோவிலும் ஃபால்ஸிலும் தங்கித்தான் முடித்தேன். மூன்று நாள் எடுத்துக்கொண்டதில் வெட்கம் ஒன்றும் இல்லை. என்னை யாரும் துரத்தவில்லை.

எல்லாவற்றிலும் அமைதியானது எது என்று கேட்டால் ஓமியோ நெடுஞ்சாலையின் வடபகுதி, ஆங்லர்ஸ் ரெஸ்டுக்கும் மிட்டா மிட்டாவுக்கும் இடைப்பட்ட நீளம். நெடுஞ்சாலை என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நீண்ட காலம் இடையிடையே சரளையாகக் கிடந்த சாலை. இப்போது முழுதும் தார். ஆனால் ஊர் கிடையாது, கடை கிடையாது, கைப்பேசி அலை பெரும்பாலும் கிடையாது. ஆற்றோரமாகவும் காட்டுக்குள்ளாகவும் வளைந்து வளைந்து போகும். டயர் வெடித்தால் உதவிக்கு வருவது உங்கள் கையும் வாலாபி மிருகமும்தான். தனியாகப் போகாதீர்கள். குடும்பத்தோடு வரும் இந்தப் பயணத்தில் போகவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன், இருப்பது தெரிந்திருக்கட்டும். ஆங்லர்ஸ் ரெஸ்டில் நீல வாத்துப் பெயர் கொண்ட பழைய விடுதி ஒன்று இருக்கிறது. காரில் போய் ஒரு மதியம் ஆற்றங்கரையில் கழிக்கலாம்.

ஹோத்தமைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ஆனால் அது அமைதியான சாலை என்று நான் பொய் சொல்லமாட்டேன். கிரேட் ஆல்பைன் சாலை மலையைக் கடந்து மறுபக்கம் கடற்கரை மாவட்டம் வரை போகிறது. அதனால் வேலை இருப்பவர்கள் அங்கே உண்டு. சனி, ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள் குழுக்கள் வளைவுகளுக்காகவே வருவார்கள். போவதானால் செவ்வாய், புதன், காலை ஆறரைக்கு ஹாரியட்வில்லில் மிதிக்கத் தொடங்கிவிட வேண்டும். ஏற்றம் மூன்று பாகமாக வரும். முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டுக்குள் கடுமை. மெக் என்ற குட்டி வளைவில் வண்டி நின்றுவிடும்போல் இருக்கும். அப்புறம் ஒரு பத்து கிலோமீட்டர் சும்மா உருளும். ‘இவ்வளவுதானா’ என்று நினைப்பீர்கள். கடைசி எட்டுப் பத்து கிலோமீட்டரில் அதற்குப் பதில் கிடைக்கும். மரமே இல்லாத மொட்டை முகட்டில், இருபுறமும் பள்ளம், பத்து விழுக்காட்டை ஒட்டிய ஏற்றங்கள், நடுவே இறக்கம் வேறு வந்து சேர்த்த உயரத்தைப் பறித்துக்கொள்ளும். காற்று இருந்தால் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். போயிருக்கிறேன்.

அந்த உச்சிக்கருகே, நீங்கள் ஓட்டும் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கம் இருக்கிறது. மலைப் பிக்மி போசம் என்ற உள்ளங்கை அளவு பிராணிக்காக. புதைபடிவமாக மட்டும் தெரிந்திருந்த, அழிந்துவிட்டதாக எல்லாரும் நம்பிய அந்தப் பிராணி 1966-இல் ஹோத்தமில் ஒரு பனிச்சறுக்குக் குடிலுக்குள் உயிரோடு அகப்பட்டது. பெண் போசங்கள் மேட்டுப் பாறைக் குவியல்களில் வாழும், ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் கீழிருந்து ஏறி வந்து, பிறகு இறங்கிவிட வேண்டும். நடுவில் சாலையும் சறுக்குத் தளமும் வந்து வழியை அறுத்துவிட்டன. ஆகவே 1980களில் சாலைக்கடியில் பாறைகளை அடுக்கி ஒரு பாதை செய்து கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்குக் காதல் சுரங்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். காரில் அந்த இடத்தைக் கடக்கும்போது சத்தம் போடாமல் வருவார்கள்.

பள்ளத்தாக்கில் சின்னச் சாலைகளும் இருக்கின்றன. முதல் நாள் விமானக் களைப்பு நீங்க வாண்டிலிகோங் வரை ஆறு கிலோமீட்டர் போய்வரலாம், ஆப்பிள் தோட்டங்கள், பழைய தங்க வயல்கள். ஓவன்ஸ் என்ற ஊரிலிருந்து ஹாப்பி வேலி, ரோஸ்வைட் வழியாகக் கீவா பள்ளத்தாக்குக்குக் கடக்கும் சாலை மாடுகளுக்கும் வேலிகளுக்கும் இடையே போகிறது. நடுவில் ஒரு சிறு ஏற்றம் உண்டு, பெரிய மலைகள் கண்ணுக்கு மட்டும். போரெபங்காவிலிருந்து தெற்கே பக்லண்ட் ஆற்றோரச் சாலையும் முட்டுச்சாலைதான், தார் முடிந்து சரளை தொடங்குமிடத்தில் திரும்பிவிடுங்கள். 1857 ஜூலை 4 அன்று இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் சீனச் சுரங்கத் தொழிலாளர்களை வெள்ளைக்காரத் தங்கவேட்டைக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். கூடாரங்களையும் கோயிலையும் எரித்தார்கள். இன்று அங்கே ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது. சிங்கப்பூரிலிருந்து போகிற நமக்கு அந்த அமைதி வேறு மாதிரிப் படும். என்னோடு ஒருமுறை வந்த சீன நண்பர் வண்டியை நிறுத்திவிட்டு வெகு நேரம் பேசவில்லை.

குடும்பத்தோடு ஓட்ட மர்ரி நதி முதல் மலை வரையிலான பழைய ரயில்பாதைத் தடம். பிரைட்டிலிருந்து மிர்ட்டில்ஃபோர்டு வரை முப்பது கிலோமீட்டர், தார், மோட்டார் வாகனமே கிடையாது. இந்தத் தடம் இருப்பதால் பள்ளத்தாக்கின் பெரிய சாலையை நீங்கள் தொடவே வேண்டியதில்லை. மாநிலத்தின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 2024 தொடக்கத்தில் நின்றுவிட்டாலும் பைன் தோட்ட மர லாரிகள் அந்தப் பெரிய சாலையில் இன்னும் ஓடுகின்றன.

நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டும் அல்ல. நம் ஜூன் விடுமுறை அங்கே பனிக்காலம், சைக்கிளை மறந்துவிடுங்கள். நம் மார்ச் விடுமுறையை ஒட்டி அவர்களுக்குத் தொழிலாளர் தின நீண்ட வார இறுதி வரும். ஈஸ்டரிலும் ஏப்ரல் கடைசியில் இலையுதிர்காலத் திருவிழாவின்போதும் பிரைட்டில் கால் வைக்க இடம் இருக்காது. நான் தப்பாகப் போன இரண்டில் ஒன்று ஈஸ்டர். மற்றொன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது: நம் பிள்ளைகளுக்கு நவம்பர் இறுதிக்குள் விடுமுறை தொடங்கிவிடும், விக்டோரியாப் பள்ளிகளோ டிசம்பர் 20 வாக்கில்தான் மூடும். இடையில் இருக்கும் மூன்று வாரமும் உங்களுடையவை. அதிலும் திங்கள் முதல் வியாழன் வரை. கோடைநேரக் கணக்கில் அவர்கள் நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னால். அங்கே ஆறு மணிக்கு எழுவது உங்கள் உடம்புக்கு அதிகாலை மூன்று. லிம் சூ காங் கூட்டத்துக்கு இது பெரிய காரியமா என்ன?

குளிரைப் பற்றி என் கதையைச் சொல்கிறேன். டிசம்பர்தானே, கோடைதானே என்று மேல்சட்டை இல்லாமல் ஹோத்தம் ஏறினேன். கீழே இதமான வெயில். மேலே மூடுபனி, குளிர்காற்று, வியர்வையில் ஊறிய சட்டை. பள்ளத்தாக்கைவிட உச்சியில் எட்டு ஒன்பது டிகிரி குறையும் என்பது கணக்கு. காற்று அந்தக் கணக்கில் சேராது. விரல்கள் மரத்துப்போய் பிரேக்கை அழுத்த முடியவில்லை. காரோடு நின்றிருக்க வேண்டிய என் மச்சான் பத்து கிலோமீட்டர் தள்ளி டினர் பிளெய்னில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார், கைப்பேசி எட்டவில்லை. மலையேறிப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்து கதவைத் திறந்தபோது அவர் கேட்டது: ‘ஏன் அத்தான், முகம் நீலமாக இருக்கிறது?’ கோடையிலும் அங்கே பனி தூவுவதுண்டு. காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை, முழுக் கையுறை, காதை மூடும் துணி மூன்றும் பின்பையில் இருக்கட்டும். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் உங்கள் மனைவியோடு கீழேயே பேசி முடித்துவிடுங்கள்.

இறக்கம்தான் நம்மவர்களுக்கு உண்மையான ஆபத்து. ஏற்றத்துக்குப் பயிற்சி செய்ய ஃபேபர் மலையாவது இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் இறங்கிப் பழக இந்தத் தீவில் இடமே இல்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள், சூடேறும். கார்பன் ரிம்மில் பிரேக் கட்டை உராயும் வகை வண்டி என்றால் அந்தச் சக்கரத்தை வீட்டில் விட்டுவிட்டு அலுமினியச் சக்கரம் போட்டுக்கொண்டு போங்கள். நேர்ப்பாதையில் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிட வேண்டும். கை வலித்தால் நில்லுங்கள், காட்சி பார்ப்பதுபோல் நடிக்கலாம். ஊருக்கு வெளியே சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். வரும் ஒரே காரும் விரைவாகத்தான் வரும். அறுபதுக்கு மேல் வேக வரம்புள்ள சாலையில் ஒன்றரை மீட்டர் விலகித்தான் சைக்கிளைக் கடக்க வேண்டும் என்பது 2021 முதல் அங்கே சட்டம். பெரும்பாலோர் மதிக்கிறார்கள். பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

மாலை ஐந்தரைக்கு மேல் ஓட்டாதீர்கள். வெளிச்சம் எட்டரை வரை இருக்கும், ஆனால் அந்தி சாயச் சாயக் கங்காருவும் வாம்பட்டும் சாலைக்கு வந்துவிடும். வாம்பட் என்பது உருண்டு வரும் பாறாங்கல். நண்பகலில் தாரில் பாம்பு வெயில் காய்ந்தால் சுற்றிப் போங்கள். வசந்தத்தில் தலையில் கொத்தும் மேக்பைப் பறவைகள் டிசம்பருக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கடைசியாக, வண்டியைப் பெட்டியில் போடுமுன் டயர், பெடல், காலணி அடி எல்லாவற்றையும் கழுவுங்கள். கிராஞ்சி மண்ணின் துகள் இருந்தாலும் ஆஸ்திரேலியத் தாவர, உயிரினப் பாதுகாப்பு அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். விமானத்தில் தரும் அட்டையில் பயன்படுத்திய சைக்கிள் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். நான் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு மாலை முழுதும் தேய்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வண்டியை விற்கப் போகிறேன் என்று நினைத்து விலை கேட்டார்.

வாண்டிலிகோங் முதல் நாள், பஃபலோ மறுநாள், ஒரு நாள் பிள்ளைகளோடு ரயில்தடம், பிறகு மவுண்ட் பியூட்டிக்கு மாறி ஃபால்ஸ் கிரீக்கும் சமவெளியும். ஹோத்தமைக் காரில் பார்த்துவிட்டு வாருங்கள், கால் கேட்டால் அடுத்த முறை.